ஏரி எம்புட்டுக் கோடிக்குப் போகுது?

ஊர்ச் செய்தியைப் போனில் போடுகிற பிள்ளைகளே, போன மழையில் நீங்கள் ஒரு வீடியோ போட்டீர்கள். ரோட்டின் மேல் தண்ணீர் ஓட, கம்பெனி பஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். காலையில் பார்த்தேன். மத்தியானம் தேடினால் காணோம். உங்களில் ஒரு தம்பியைப் பிடித்துக் கேட்டேன். "ஒருத்தர் போன் பண்ணாரு அக்கா, எடுத்துட்டோம். எதுக்கு வம்பு?" என்றார்.

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும். ஆள் மாறியிருப்பார், கார் மாறியிருக்கும், குரல் மட்டும் மாறாது. முதலில் குசலம் விசாரிக்கும். அப்புறம் "ஊர் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கும்.

குறை சொல்ல வரவில்லை என்று நாகரிகத்துக்குச் சொல்வார்கள். நான் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன். கூடவே ஒரு கதையும் சொல்வேன். கேட்டுவிட்டு வீடியோவைத் திரும்பப் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

எங்கள் கேபிள் சேனல் ஹார்டுவேர் கடை மாடியில் ஒற்றை அறையில் பிறந்தது. கீழே சிமெண்ட் மூட்டை, மேலே நாங்கள். எந்த மெஷின், எந்த ஒயர் என்ற கதையெல்லாம் பாஷாவிடம் கேளுங்கள்; கம்ப்யூட்டரும் கேமராவும் அவர் கையில் இருந்தன. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: செய்தி வாசிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் காற்றுச் சத்தம் மைக்கில் வரும். வியர்வை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குவதற்குள் செய்தியை முடிக்க வேண்டும். ஸ்டெல்லா வேகமாக வாசிக்கிறாள் என்று ஊரில் பெயர். வேகம் என்னுடையது இல்லை, வியர்வையுடையது.

சேனலை நடத்தியவர் ஓனரம்மா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, "எம்பேரு எதுக்குடி, நம்ம சேனல் நம்பரச் சொல்லு" என்று திட்டுவார். மண்ணூர்ப் பக்கத்துக்காரர். ஞாயிறு பூசைக்கு முன்வரிசை, திங்கள்கிழமை சண்டைக்கும் முன்வரிசை. எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குக் கற்றுத்தராததை அவர் வசவு கற்றுத்தந்தது.

முதல் வாரமே நான் ஒரு காரியம் செய்தேன். மின்தடை அறிவிப்பை நல்ல தமிழில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓனரம்மா கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினார். புரியவில்லை. வாய் தவறி, "இன்னாமா?" என்று கேட்டுவிட்டேன். அது அப்படியே ஊர் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காய்கறிக் கடையில் "இன்னாமா நியூஸு வருது, வழி வுடுங்க" என்றார்கள். பஸ்ஸில் கண்டக்டர் "இன்னாமா, டிக்கெட்டு" என்றார். நான் அழுதுகொண்டே மாடிக்கு வந்து, இனிமேல் வாசிக்க மாட்டேன் என்றேன்.

"எதுக்கு அழுவுறே?" என்றார் ஓனரம்மா. "பெரிய சேனல்ல வாசிக்கிற பொண்ண எவனாச்சும் பஸ்ல கண்டுபுடிச்சானா? உன்னக் கண்டுபுடிச்சிட்டான். நம்ம வூட்டுப் பொண்ணு டிவில கீதுன்னு சிரிக்கிறாங்கடி, பைத்தியம்."

அன்றே இன்னொருவரும் கருத்துச் சொல்ல வந்தார். அவரை மனைக்காரர் என்றே சொல்கிறேன். நிலத்தை வாங்கி, கல் நட்டு, மனையாகப் பிரித்து விற்பவர். எங்கள் சேனலில் திரையின் அடியில் ஓடுகிற எழுத்து வரியில் முக்கால்வாசி அவர் விளம்பரம்தான். "பெரிய ஏரி அருகில் அழகிய மனைகள், முந்துபவருக்கே முன்னுரிமை" என்று காலையிலிருந்து இரவுவரை ஓடும். அவர் சொன்னார்: "செய்தின்னா சுத்தத் தமிழ்ல இருக்கணும். அப்பத்தான் சேனலுக்கு ஒரு மரியாதை."

"மரியாதை எந்தக் கடைல கிடைக்குது? எனக்கும் அரை கிலோ வாங்கியா" என்றார் ஓனரம்மா.

ஆனாலும் நான் பயந்துவிட்டேன். அதற்கப்புறம் சுத்தத் தமிழைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா" என்ற சொல்லை மாடிப்படியிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரகடம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குக் கீழே ஒரு வாய்க்கால் இருந்தது. பல வருஷமாக ஏரி நிரம்பவில்லை, வாய்க்காலில் தண்ணீர் போகவில்லை, அதனால் அது வாய்க்கால் என்பதே எல்லாருக்கும் மறந்துபோனது. மறந்துபோனதைச் சமன்படுத்தி, கல் நட்டு, கார்டன் என்று பெயர் வைத்தார் மனைக்காரர். ஒரு செடி கிடையாது, பெயர் கார்டன். வாங்கியவர்கள் வரிசை வரிசையாக ஓட்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் லைன் என்று பேர். கோவில்பட்டி, சங்கரன்கோவில், சிவகங்கை, பரமக்குடி என்று தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு நான்கைந்து பேராக இருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குவார்கள். பட்டப்பகலில் பாதி ஜனம் தூங்கும் ஊர் அது.

அவர்களில் தூங்காத ஒருத்தி முத்துச்செல்வி. கோவில்பட்டிப் பக்கம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. காலையில் நாங்கள் போடுகிற "கேட்டதும் பாட்டு" நிகழ்ச்சிக்குத் தினமும் போன் செய்வாள்.

"எக்கா, நாந்தான்."

"நீதான்னு ஊருக்கே தெரியும். பாட்டச் சொல்லு."

"எம்புட்டுத் திமிரு பாருங்க இந்த அக்காவுக்கு. நேத்து நான் கேட்ட பாட்டப் போடல. இன்னைக்கு ரெண்டு போடணும்."

இப்படிப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. அந்தக் குரல் வராத நாளில் ஓனரம்மாவே, "இன்னாடி, உன் கோவில்பட்டி இன்னும் வர்ல?" என்று கேட்பார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. ஒரு காலையில் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் மாரி அண்ணன் போன் செய்தார். ஊர் வைத்த ஆள். மதகு திறப்பது, மூடுவது அவர் பொறுப்பு. குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"ஸ்டெல்லா, பெரிய ஏரி கோடி போவுது! டிவில போட்டுடு. வாய்க்கா ஓரமா கீறவங்கள உஷாரா இருக்கச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி, கரையின் ஓரத்தில் கட்டியிருக்கும் கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போவதைத்தான் "கோடி போவுது" என்போம். அது எங்களுக்குத் திருவிழாச் செய்தி. ஏரி கோடி போனால் மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு பெண்கள் கலங்கலுக்குப் போவார்கள். எங்கள் வேதக்காரத் தெருவிலும் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்கப் போவார்கள். தண்ணீருக்கு எந்தச் சாமியாக இருந்தால் என்ன?

நான் பாஷாவிடம் சொன்னேன். பாஷா தட்டினார். திரையின் அடியில் வரி ஓடியது: "பெரிய ஏரி கோடி போகிறது. வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்."

அதில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒரு பொய் இல்லை. சுத்தமான செய்தி. உடனே போன்கள் வரத் தொடங்கின. எல்லாம் உள்ளூர்க்காரர்கள். "கேமராவ எத்துனு வாங்க, ஷோக்கா கீது", "எங்க ஆயா பாக்கணும்னு அழுவுது, வீடியோ போடுங்க." ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். அப்போது முத்துச்செல்வி கூப்பிட்டாள்.

"எக்கா, ஒரு சந்தேகம். கீழ எழுத்து ஓடுதுல்லா, பெரிய ஏரி கோடி போகுதுன்னு. எம்புட்டுக் கோடிக்குப் போகுது?"

"என்னது?"

"இல்ல, எங்க ரூம்ல நாலு பேரும் பேசிக்கிட்டிருந்தோம். வயல வித்தாக, தோப்ப வித்தாக, இப்ப ஏரியவும் விக்காகளான்னு. நாலு பேரும் சம்பளத்தச் சேத்தா ஒரு ஓரமா முட்டளவு தண்ணியாச்சும் குடுப்பாகளா?"

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாஷாவிடம் போனைப் பொத்திக்கொண்டு சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

திரையில் வரிகள் இப்படி ஓடின: "பெரிய ஏரி அருகில் அழகிய மனைகள், முந்துபவருக்கே முன்னுரிமை." அடுத்து, "பெரிய ஏரி கோடி போகிறது. வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்." அடுத்து, "சுலபத் தவணை உண்டு."

சிரிப்பை விட்டுவிட்டுப் போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"முத்துச்செல்வி, உங்க ஊர்ல ஏரி ரொம்பி வெளிய தண்ணி போனா இன்னான்னு சொல்லுவீங்க?"

"ஏரின்னே சொல்ல மாட்டோம்க்கா. கம்மான்னு சொல்லுவோம். கம்மா நெறஞ்சா மறுகால் போகுதும்போம்."

"அந்த மறுகாலத்தாம்மா நாங்க கோடின்றோம்."

ரூமில் சிரித்தவர்களை அவள் அதட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எக்கா, அப்ப எங்க வாசல்ல கெடக்கது அந்தத் தண்ணியா? பைப்பு ஒடஞ்சிருக்குன்னுல்லா நெனச்சேன்."

பாருங்கள் எங்கள் நிலைமையை. உள்ளூர்க்காரனுக்கு அந்த வரி கொண்டாட்டம். தெற்கத்திப் பிள்ளைகளுக்கு அது மனை விளம்பரம். எச்சரிக்கையாக அதை வாசித்தவர் ஒருவரும் இல்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் வாய்க்காலின் நடுவில் போர்வை மாட்டித் தூங்குகிறார்கள்.

"முதல்ல எல்லாரையும் எழுப்பினு வெளிய வா. மேட்டுல மாதா கோயில் கூடம் கீதே, அங்க போ. போற வழில கதவத் தட்டிக்கினே போ" என்று சொல்லி வைத்தேன்.

ஓனரம்மா அறைக்குள் வந்தார். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பாஷாதான் பதறினார்: "ஏரி ஒடஞ்சிடுச்சி, எல்லாரும் ஓடுங்கன்னு போட்டுடலாம்மா. அப்பத்தான் கெளம்புவாங்க."

"ஒடஞ்சிதா? நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப சொல்லாத. ஒடஞ்சிடுச்சின்னு சொன்னா, மேட்டுல கீறவனும் புள்ளைய இஸ்துக்கினு ரோட்டுக்கு ஓடுவான். ரோட்டுல லாரி போய்க்கினு கீது. தண்ணி சாவடிக்காதத நம்ம வாயி சாவடிச்சிடும். பாத்தது இன்னாவோ அதச் சொல்லு. பயத்தச் சொல்லாத."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முழுப் படிப்பும் அதுதான். இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. அழுத்தினால் உலகமே பார்க்கும். அழுத்துவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நான் பார்த்ததா, என் பயமா? பார்த்தது என்றால் ஒருவனுக்கும் பயப்படாதீர்கள்.

அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டோம். "மேல கேட்டுச் சொல்றோம், அதுவரைக்கும் எதுவும் போடாதீங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேலே கேட்டுச் சொல்வது அவர்கள் வேலை. தண்ணீர் கீழே கேட்டுக்கொண்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஷா ஃபேனை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மனைக்காரர்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "இன்னாம்மா நடக்குது இங்க? உங்க டிவியப் பாத்துட்டு கோடி, கீடின்னு ஆளாளுக்குப் போன் பண்றான். நாளைக்கு மனை பாக்கறதுக்கு மெட்ராஸ்லேந்து ரெண்டு வேன்ல ஆளுங்க வர்றாங்க. ஏரி, வாய்க்கான்னு டிவில சொன்னா எவன் வருவான்?"

"வர்ற ஆளுங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டுக்கோ" என்றார் ஓனரம்மா.

"வெளாட்டு வேணாம். ஊர் நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்க தண்ணியே இல்ல. ஒரு சொட்டு இல்ல. நான் அங்கேந்துதான் வரேன்."

ஓனரம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை கீழேயே நின்றுவிட்டது. மனைக்காரரின் வெள்ளை பேண்ட் இரண்டு காலிலும் முட்டிவரை மடித்திருந்தது. காலில் சேறு. செருப்பு கையில் இருந்தது.

"தண்ணியே இல்லாத எடத்துலேந்து வர்ற மனுசன் எதுக்குப்பா பேண்ட்ட முட்டிக்கு மடிச்சினு கீறே?"

ஏரி நிறைந்தால் கரை கசியும் என்பார்கள். அன்றைக்கு மனைக்காரர் காலில் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் தரையெல்லாம் ஈரம்.

அவர் குரல் மாறியது. "நான் கொடுக்கிற விளம்பரம் அத்தனையும் நிறுத்திடுவேன். உங்க ஒயரையும் அறுக்கச் சொல்லுவேன். என்னாண்ட ஆளு கீறாங்க."

"அறு. கம்பத்துல ஏறத் தெரிஞ்சவனா பாத்து அனுப்பு. மழைல வழுக்கும்." ஓனரம்மா திரும்பி, "பாஷா, கேமராவக் கொஞ்சம் கீழ எறக்கு. சாரோட காலக் காட்டு. தண்ணி எவ்ளோ ஒசரம்னு ஜனங்களே அளந்துக்கட்டும்" என்றார்.

பாஷா கேமராவைத் திருப்பினார். அது ஓடியதா இல்லையா என்று இன்றுவரை கேட்டால் பாஷா சிரிப்பார். மனைக்காரர் படியில் இறங்கியவிதம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. மடித்த பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே இறங்கினார்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். "பெரிய ஏரியின் உபரி நீர் வெளியேறி வருவதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள்" என்று வந்த இடத்தில் எனக்கே என் மேல் கோபம் வந்தது. உபரி நீர் என்றால் யார் எழுந்திருப்பார்கள்? தாழ்வான பகுதி என்றால், அது என் ரூம்தான் என்று எவன் நினைப்பான்? தாளைக் கீழே போட்டேன். படியில் கழற்றி வைத்திருந்த பேச்சை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இன்னாபா, நல்லாக் கேட்டுக்கோங்க. இது மனை விளம்பரம் இல்ல. பெரிய ஏரி ரொம்பி தண்ணி வெளிய வருது. ஏரி ஒடையல. யாரும் ரோட்டுக்கு ஓடாதீங்க. ஆனா கார்டன்ல கீற லைனுங்களுக்குள்ள தண்ணி பூந்துக்கினு கீது. அங்க கீறவங்க இப்பவே எழுந்து மாதா கோயில் கூடத்துக்குப் போங்க. துணிமணிய அப்புறம் எடுத்துக்கலாம். தெக்கத்தி ஊர்க்காரங்க கேளுங்க: உங்க கம்மா மறுகால் போவுது. புரியுதா? மறுகால்!"

மேஜை மேல் போன் அடித்தது. முத்துச்செல்வி. ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தேன். பாட்டுக் கேட்பதற்கு வைக்கிற அதே இடம். காற்றும் மழையும் அவள் குரலைப் பிய்த்துக்கொண்டு போயின.

"எக்கா, மேட்டுக்கு வந்துட்டோம். எங்க லைனு மொத்தமும் வந்தாச்சு. ஆனா கடைசி லைன்ல ஆறு ரூமு கதவே தொறக்கல. எல்லாம் நைட் ஷிப்ட் பயலுவ. தட்டித் தட்டிக் கை வீங்கிருச்சு. படி மூழ்கிருச்சு, ஏறமாட்டாம வந்துட்டோம்."

ஓனரம்மா என் காதருகே குனிந்து, "அவளையே பேச வுடு" என்றார்.

"முத்துச்செல்வி, நீ டிவில கீறே. ஊரே கேட்டுக்கினு கீது. நீயே சொல்லு."

அந்தப் பெண் கத்தினாள். பாட்டுக்குச் சண்டை போடுகிற அதே குரல்.

"ஏ, மெஸ்ஸுல உக்காந்து சாப்பிடுற அண்ணமாரே, டிவியப் பாக்குற அக்காமாரே! கார்டன் கடைசி லைன்ல உங்க கூட வேலை பாக்குற பயலுவ எவனாச்சும் இருந்தா இப்பவே போனப் போடுங்க! கதவத் தட்டுனா எந்திரிக்க மாட்டேங்கானுவ! கம்மா மறுகால் அவனுவ கட்டிலுக்கடியில கெடக்கு! சோத்த அப்புறம் திங்கலாம், போனப் போடுங்கய்யா!"

ஒரகடத்தில் இருந்த மெஸ்களில் எல்லாம் அப்போது எங்கள் சேனல்தான் ஓடும். அடுத்த ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். எச்சில் கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள் என்று பிறகு மெஸ்காரர் சொன்னார். ஒருவருக்கொருவர் நம்பர் கேட்டுக் கத்தியதில் சாம்பார் வாளியே கவிழ்ந்ததாம்.

கடைசி லைனில் நடந்ததை முத்துச்செல்வி அதற்கு நேர் மேலே இருந்த மேட்டின் ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பூட்டிய அறைகளுக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ரிங்டோன்கள் கேட்கத் தொடங்கின. பக்திப் பாட்டு ஒன்று, குத்துப் பாட்டு ஒன்று, குழந்தை சிரிப்பது ஒன்று. கதவை இடித்தால் எழாதவன் போன் அடித்தால் எழுந்துவிட்டான். ஏன் தெரியுமா? ஓ.டி.க்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான். சூப்பர்வைசர் போனை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் தூக்கத்திலும் தூங்குவதில்லை. காலைக் கீழே வைத்தவன் தண்ணீரில் வைத்தான்.

"தொறந்துட்டான்க்கா! ஒருத்தன் தொறந்துட்டான்! தலவாணியத் தூக்கிட்டு வாரான் கிறுக்குப்பய! ஏ, சர்டிபிகேட்ட எடுலே, தலவாணிய விட்டுட்டு! ரெண்டாவது ரூமும் தொறந்தாச்சு..."

ஆறாவது அறை மட்டும் திறக்கவில்லை. உள்ளே போன் அடித்து அடித்து நின்றது. அதற்குள் மாரி அண்ணன் கலங்கலில் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களையெல்லாம் கயிறோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களும் டிவி பார்த்தவர்கள் சொல்லித்தான் வந்தார்கள். ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கினால், ஒரு பையன் காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தான். தண்ணீர் பாயைத் தொட்டிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முத்துச்செல்வி அதைச் சொன்னபோது ஓனரம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பாஷா ஏதோ முணுமுணுத்தார். நான் வியர்வையைத் துடைக்கவில்லை. அது வியர்வை இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கடைசி லைனில் ஜன்னல் முழுகிவிட்டது. ஓர் உயிர் போகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் வீரக்கதை. உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது.

மனைக்காரர் சொன்னபடியே விளம்பரம் அத்தனையும் நிறுத்தினார். ஓனரம்மா, "ஏரி மேல கோச்சிக்கினு கால் கழுவாம போனானாம் ஒருத்தன்" என்றார். அவர் சொன்னது கால் இல்லை. அச்சில் கால் என்றே இருக்கட்டும். நாலு இடத்தில் ஒயர் அறுந்து கிடந்தது. பாஷா போய் ஒட்டினார். பிறகு, வதந்தி பரப்பியதாக எங்கள் மேல் புகார். விளக்கம் கேட்டு ஆள் வந்தது. எல்லாம் போதாதென்று மனைக்காரரே ஒரு நாள் சமாதானம் பேச வந்தார். இந்தத் தடவை பேண்ட் நேராக இருந்தது.

"பழச மறந்துடலாம்மா. விளம்பரம் திரும்பக் குடுக்கறேன், புகாரும் வாபஸ். நீங்க ஒரே ஒரு வரி போட்டாப் போதும்: பெரிய ஏரி பற்றி வந்த தவறான செய்திக்கு வருந்துகிறோம்."

"இன்னா தப்பு அதுல?" என்று நான் கேட்டேன். பயத்தை அந்த மழையோடு விட்டுவிட்டேன்.

"பீதியக் கெளப்பிட்டீங்களே. யாராவது செத்தாங்களா? ஒருத்தரும் சாவல. அப்ப எதுக்கு அவ்ளோ கத்து கத்தினீங்க?"

இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. உங்களுக்கும் இதைத்தான் சொல்வார்கள். செத்திருந்தால், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்பார்கள். சாகாவிட்டால், ஏன் சொன்னீர்கள் என்பார்கள். சொன்னாலும் பொல்லாப்பு, சொல்லாவிட்டாலும் பொல்லாப்பு. இரண்டு பொல்லாப்பில் எதில் ஆள் உயிரோடு இருக்கிறானோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

"செரி, ஒரு வரிதானே? போட்டுடறோம்" என்றார் ஓனரம்மா. மனைக்காரர் கைகூப்பிவிட்டுப் போனார். "அம்மா, வருத்தம் தெரிவிக்கப் போறோமா?" என்றேன்.

"ஒரு வரி போடறேன்னுதான் சொன்னேன். எந்த வரின்னு சொன்னனா? உக்காரு. நீ சொல்லு, பாஷா தட்டட்டும்."

அன்று மாலை மனை விளம்பரங்கள் ஓடின இடத்தில், காலியாகக் கிடந்த திரையின் அடியில், அந்த ஒரே வரி ஓடத் தொடங்கியது:

"ஏரி கோடி போனது. கம்மாய் மறுகால் பாய்ந்தது. இரண்டும் ஒன்றே. அது போகும் வழி: கார்டன்."

வேறு விளம்பரம் இல்லாததால் அது மட்டுமே திரும்பத் திரும்ப ஓடியது. மெஸ்ஸில் ஓடியது, சலூனில் ஓடியது, மனை பார்க்க வேனில் வந்தவர்கள் டீ குடித்த கடையிலும் ஓடியது. பிள்ளைகள் அதை ராகம் போட்டுப் பாடினார்கள். முத்துச்செல்வி போன் செய்து, "எக்கா, எழுத்துல மறுகால்னு பாத்ததும் எங்க ரூமே கைதட்டுச்சு. பாட்டு வேண்டாம், அதையே ஓட்டுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் மனைக்காரர் போன் செய்தார். குசலம் விசாரிக்கவில்லை.

"அந்த வரிய எப்பம்மா எடுப்பீங்க?"

"தண்ணி வடிஞ்சதும்" என்றார் ஓனரம்மா.

"தண்ணிதான் எப்பவோ வடிஞ்சிடுச்சே!"

"அடடே, உன் கார்டன்ல தண்ணி வடிஞ்சிடுச்சா? அப்ப அங்க தண்ணி இருந்துதுன்னு நீயே சொல்ற. இரு, அதையும் சேத்துப் போட்டுடறேன். பேரு போடட்டுமா, வேணாமா?"

போன் வைக்கப்பட்டது. வரி ஓடிக்கொண்டே இருந்தது.

உங்கள் வீடியோ இன்னும் உங்கள் போனில்தான் இருக்கும். தண்ணீர் வடிந்துவிட்டதே, இப்போது எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். அந்த ஒருத்தர் மறுபடி கூப்பிடட்டும். ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்புறம் அதையும் சேர்த்துப் போடுங்கள்.